சவுக்கா, பழைய தேக்கா, பெட்டியில் வரும் பைனா?

மச்சானுக்குச் சாமியார்பேட்டைப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. பிச்சாவரம் வருகிறவர்கள் தங்க அங்கே இரண்டு மரக்குடில் போடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடலோர ஒழுங்குமுறை விதி கட்டடம் கட்டவிடாத 200 மீட்டர் கோட்டுக்கு வெளியே இருப்பதால் பெரிய தலைவலி இல்லை, அனுமதி வாங்கினால் போதும். எந்த மரம் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

அவர் ஆசை பைன் மரக் கேபின். நம்பர் போட்ட பலகைகள் லாரியில் வரும், ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம். "மாப்ளே, போட்டோவுல பாரு, சும்மா வெளிநாடு மாதிரி இருக்கு" என்கிறார். இருக்கட்டும். மருந்து ஏற்றாத பைன் நம் ஊர்க் கரையானுக்குக் கல்யாண விருந்து. மருந்து ஏற்றியதே வந்தாலும், மூன்றாம் வருடம் ஒரு பலகை உளுத்தால் அதே அளவுப் பலகைக்கு எங்கே போவது? கப்பலில் வந்த மரத்தை வைத்துவிட்டு 'இயற்கைக் குடில்' என்று போர்டு மாட்டவும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சவுக்கு சொந்தத் தோப்பிலேயே நிற்கிறது. நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும், காகித ஆலைக்கு டன் கணக்கில் போகும், சாரம் கட்டவும் போகும். குறை எங்கே என்பதைப் போன மாதம் கையால் தொட்டுப் பார்த்தேன். தோப்பு வாசலில் பந்தலுக்கு நட்ட பழைய கழி ஒன்றைப் பிடுங்கினோம். இடுப்பு உயரத்தில் தட்டினால் கணீரென்றது. மண் மட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கியது. ஆரோவில்லில் ஆரம்ப காலத்தில் சவுக்கும் கீற்றும் கொண்டு குடிசை போட்டவர்கள், கழியை மண்ணில் நடாமல் கருங்கல் கால்மேல் நிறுத்தியது இதனால்தான். போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்தால் வண்டு அண்டாது. ஆனால் அந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், கூரைக்கு அடியில் இருக்கிற கழிக்குத்தான் சரிப்படும்.

மூன்றாவது, இடித்த வீட்டு மரம். புதுச்சேரியில் பழைய வீடு ஒன்று விழுந்தால் தேக்கு உத்திரமும் பனங்கையும் (பனைமரத்தில் அறுத்த கூரைச் சட்டம்) பழைய மரக்கடைக்கு வந்துவிடும். தேக்கு விலை கையைக் கடிக்கும். பனங்கை அப்படியில்லை. வைரம் பாய்ந்த பனங்கையில் உளியை வைத்த ஆசாரி, நாலு தட்டுத் தட்டிவிட்டு முனையைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல வேலை செஞ்சா மரத்துக்குக் கூலி இல்ல, உளிக்குத்தான் கூலி" என்றார். பச்சைப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்துவிட்டது, அது நல்லதுதான். அதனால் பழசு கிடைக்கிற வரைக்கும்தான் இந்த வழி.

மரத்தைவிட என்னைப் பயமுறுத்துவது காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எத்தனை சவுக்குத் தோப்பு படுத்தது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கரைக்குக் கட்டட விதிப்புத்தகம் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். 20 சதுர மீட்டர் கூரை என்றால் மூன்று டன் வரை மேலே இழுக்கலாம். இலேசான குடிலுக்கு இது பொல்லாத கணக்கு. மூன்று மரத்துக்குமே நாலு பக்கச் சரிவுக் கூரையும், கூரையிலிருந்து கால்வரை விடாமல் பிடிக்கும் இரும்புப் பட்டையும் வேண்டும். உப்புக்காற்றில் சாதா ஆணி சீக்கிரமே துருப்பொடியாகிவிடும், அதனால் போல்ட்டெல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ்.

காலுக்குக் கான்கிரீட் போட்டால் உறுதி, ஆனால் குடிலைக் கழற்றிய பிறகும் அது மண்ணிலேயே கிடக்கும். திருகிப் புதைக்கும் இரும்புக் காலைத் திரும்பப் பிடுங்கிவிடலாம், ஆனால் உப்புமண் அதைத் தின்னும். கருங்கல் காலை நாலடி இறக்கி, அடியில் குறுக்குக்கல் கட்டி மணலை மூடினால் மணலின் பாரமே பிடித்துக்கொள்ளும். என் ஓட்டு இதற்கு. மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வெட்டாமல், கருங்கல் காலைத் தள்ளி வைக்க வேண்டும். மணல் பறக்காமல் கிடப்பதே அவற்றால்தான். கடல் பக்கம் வெள்ளை விளக்கும் கூடாது. ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) மிரளும், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடும்.

கடைசியில் கருங்கல் கால், பனங்கைச் சட்டம், தோப்புச் சவுக்கில் கூரைக்கழியும் தடுப்பும் என்று முடிவாகியிருக்கிறது. தேக்கு, கதவு ஜன்னலுக்கு மட்டும். கூரைக்குக் கீற்றா ஓடா என்பது இன்னும் பாக்கி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் எனக்குக் கீற்றுதான். பைன் கேட்லாக்கை மச்சான் இன்னும் வண்டி டிக்கியிலேயே வைத்திருக்கிறார்.