கடைசிப் பந்தி வரை: கோத்தகிரியில் ஒரு திருமண மண்டபம்

கடந்த ஆவணியில் என் அண்ணன் மகளின் திருமணத்தைக் கோத்தகிரியிலிருந்து குன்னூர் செல்லும் சாலையோரம் உள்ள ஒரு சிறிய மண்டபத்தில் நடத்தினோம். மேடைக்கு முன்னால் இருநூற்றைம்பது நாற்காலிகள் போடலாம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் எண்பது பேர் அமரலாம். இரண்டு நாள் வாடகை 48,000 ரூபாய். மின்சாரமும் துப்புரவும் அதிலேயே அடக்கம். ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் தனி. மண்டபம் தேடுபவர்களுக்கு உதவட்டும் என்று இவற்றை முதலில் சொல்லிவிட்டேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்த மண்டபத்தின் ஒப்பந்தத் தாளில் இருந்த ஒரு நிபந்தனை.

நாதஸ்வர, தவில் கலைஞர்கள், வாகன ஓட்டுநர்கள், இலை எடுப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் என்று திருமணத்திற்கு வேலை செய்ய வரும் எல்லோரையும் விருந்தினர் உண்ணும் அதே கூடத்தில் அமரவைத்து, அதே வாழையிலையில், அதே பதார்த்தங்களைப் பரிமாற வேண்டும். அந்தப் பந்தி பிற்பகல் இரண்டு மணிக்குள் தொடங்க வேண்டும். இதற்கு ஒப்பாதவர்களுக்கு மண்டபம் கிடையாது. முன்பதிவின்போது சாதியையும் கேட்பதில்லை.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. என் திருமணம் சமவெளியில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மாலை நான்கு மணி இருக்கும். ஏதோ தேடிப் பின்கட்டுக்குப் போனேன். காலையிலிருந்து எங்கள் எச்சில் இலைகளை எடுத்த இரண்டு பெண்கள் குப்பைத் தொட்டிக்கு அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாம்பாரும் ரசமும் ஒன்றாகக் கொட்டப்பட்ட வாளியிலிருந்து சோற்றை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டுப் புடவையோடு நின்ற என்னைக் கண்டதும் அவர்கள்தாம் பதறி எழுந்தார்கள். அன்று என் அப்பா வந்தவர் ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்; அந்த இருவரிடம் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கோத்தகிரியில் இரண்டு மணிப் பந்தி தொடங்கும் நேரத்தில், மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர், இவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னார். மேலாளர் வாதிடவில்லை, ஒப்பந்தத் தாளை எடுத்து வந்து காட்டினார். அதில் இரு வீட்டாரின் கையொப்பமும் இருந்தது. அதன்பின் என் அண்ணனே ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் இறங்கினார். இலை எடுக்கும் அம்மா தம் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். குளிரில் ரசத்தின் ஆவி முகத்தில் அடிக்க, "கையில கொஞ்சம் ஊத்துங்கண்ணா" என்று குழித்த உள்ளங்கையை நீட்டினார். எங்கள் குடும்பத் திருமணங்களில் நான் கண்ட பந்திகளிலேயே மிகவும் முறையானது அதுதான் என்பேன்.

இரு வீட்டாரும் கையொப்பமிட வேண்டும் என்பதுடன், வாடகையையும் இரண்டு ரசீதுகளாகப் பிரித்துத் தருகிறார்கள். பெண் வீட்டார்தான் கல்யாணச் செலவைச் சுமக்க வேண்டும் என்பதைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்ட எங்களுக்கு, அந்த இரண்டு தாள்கள் பேச்சைத் தொடங்க ஒரு வழியாயின. இதே மலையில் படகர் சமூகத்தின் மரபில் வரதட்சணை இல்லை. திருமணமும் மணமகன் வீட்டில்தான் நடக்கும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. மணமக்களுக்குத் தரப்படும் பரிசுகளைப் பட்டியலிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்ற விதிகள் 1985-இல் வந்தன. அந்தப் பட்டியலுக்கென்று மண்டபத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் தருகிறார்கள். மொய்த் தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் அனுமதியில்லை. நூறு ரூபாய் எழுதுபவர் தலைகுனியாமல் சாப்பிடப் போகலாம்.

எங்கள் பெண் தன் வாயால் உறுதி சொல்லி, மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டாள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி அது முழுமையான திருமணம்; புரோகிதர் தேவையில்லை. எங்கள் புரோகிதர், எங்கள் அலங்காரக்காரர் என்று கட்டாயப்படுத்தும் மண்டபங்கள் உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

சமையலுக்கு உள்ளூர் மாஸ்டரையே அமர்த்துங்கள். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கீழிருந்து வருபவர்கள் அந்தக் கணக்கில்தான் தவறிப் பந்தியைத் தாமதப்படுத்துவார்கள். வாழையிலை மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டும் என்பதால் முதல் நாளே இறக்கிவிடுவது நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் டம்ளர்களை மண்டபமே தருகிறது. வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை அழைப்பிதழோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. பத்து அறைகளுக்கு இரண்டே கீசர்கள். பன்னிரண்டு வண்டிகளுக்கு மேல் நிறுத்த இடமில்லை. ஓட்டுநர்கள் தூங்க ஓர் அறையும் கம்பளிகளும் வைத்திருப்பது, மலைக்குளிரில் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருக்கிறது. பதினான்கு படிகள், பனி இறங்கினால் ஈரமாகி வழுக்கும். சாய்தளம் இல்லை. பாட்டியை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். சக்கர நாற்காலியில் வந்த என் சித்தப்பா, தம்மைத் தூக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவருக்கு மட்டும் கீழே வரவேற்பு மேசையில் இலை போட்டோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் ஒரே கூடம் என்று எழுதி வைத்த இடத்தில் அவர் தனியாகச் சாப்பிட்டதை மேலாளரிடம் சொன்னேன். சமையற்கட்டுப் பக்கம் சாய்தளம் கட்ட இடம் இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார். போன வாரம் அந்த வழியே போனபோது இறங்கிப் பார்த்தேன், இன்னும் கட்டவில்லை.