மீதி 58 நிமிடம்: இளையோர் பேச்சுப் பயிற்சிகளில் எது யாருக்கு?

ஒரு மணி நேர வகுப்பு, 20 பிள்ளைகள். பயிற்சியாளர் 20 நிமிடம் பேசிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 40 நிமிடத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு 2 நிமிடம். கூச்சம் போகும், தன்னம்பிக்கை வரும் என்று விளம்பரங்கள் சொல்வதெல்லாம் அந்த 2 நிமிடத்தைப் பற்றித்தான். எனக்கு எப்போதும் மீதி 58 நிமிடத்தின் மேல்தான் கண். அப்போது பிள்ளை என்ன செய்கிறது? நம் முறை வந்துவிடுமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா, இல்லை அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு அதை வைத்து ஏதாவது செய்கிறதா? பல ஆண்டுகளாகப் பயிற்சியாளராகவும் நடுவராகவும் இந்தப் பிள்ளைகளோடு இருந்துவிட்டேன். பயிற்சிகளை ஒப்பிட என் கையில் இருக்கும் அளவுகோல் இந்த ஒரு கேள்விதான்.

பேச்சுப் போட்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் முதன்முதலில் மேடை ஏறுவது அதில்தான். உரையை எழுதி, மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு பேசுவது. அமெரிக்காவில் 1925-இல் தொடங்கிய தேசியப் பேச்சு, விவாதச் சங்கத்தின் போட்டிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. மாணவர் தானே எழுதிய உரையை 10 நிமிடத்துக்குள் பார்க்காமல் பேச வேண்டும். 'தானே எழுதிய' என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. சொந்த வாக்கியத்தை முப்பது முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்கு எந்தச் சொல் நாக்கில் இடறுகிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இது கிடைக்காது.

ஒரு போட்டியில் 12 வயதுப் பையன் தேனீக்களைப் பற்றிப் பேச வந்தான். மூன்றாம் பத்தியில் ஒரு சொல் நழுவிவிட்டது. முதல் வரிக்குத் திரும்பினான். மறுபடியும் அதே இடத்தில் நின்றான். இன்னொரு முறை முதல் வரி. கண் நிறைந்துவிட, இறங்கிப் போய்விட்டான். போட்டி முடிந்தபின் வராந்தாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த இடத்தில் என்னதான் சொல்ல வந்தாய், தம்பி?" என்று கேட்டேன். பூ இருக்கும் திசையைத் தேனீ ஆடிக்காட்டிச் சொல்வதைக் கையை ஆட்டி ஆட்டி இரண்டு நிமிடம் விளக்கினான். அன்று மேடையில் நான் கேட்ட எந்த உரையையும்விட அது நன்றாக இருந்தது. விஷயம் அவனிடம் முழுசாக இருந்தது. தொலைந்தது ஒரு சொல்தான். போட்டி அவனுக்கு அந்தச் சொல்லைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்திருந்தது, விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நகரக் கற்றுக்கொடுக்கவில்லை. கீழே இருந்த மற்றப் பிள்ளைகளோ அவன் பேச்சைக் கேட்கவே இல்லை. தங்கள் தாள்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

மன்ற முறை இதற்கு நேர்மாறானது. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம்தான் இதன் மாதிரி. அதில் உறுப்பினராக 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளையவர்களுக்கு அதே முறையில் 'கேவல் கிளப்' என்ற மன்றங்கள் இருக்கின்றன. 25 பேர் வரை சேரக்கூடிய, 8 அமர்வுகள் கொண்ட இளையோர் தலைமைப் பயிற்சி ஒன்றும் தனியாக உண்டு.

இங்கே சும்மா உட்கார்ந்திருக்க வழியே இல்லை. தயாரித்து வந்த உரை 5 முதல் 7 நிமிடம். 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு என்று ஒருவர் அட்டை காட்ட வேண்டும். ஒருவர் மொழியைக் கவனிக்க வேண்டும். இன்னொருவர் 'வந்து', 'அதாவது' என்று நடுநடுவே தேவையில்லாமல் வந்து விழும் சொற்களை எண்ண வேண்டும். பேசியவரைப் பற்றி எழுந்து நின்று 2, 3 நிமிடம் மதிப்பீடு சொல்லவும் ஒருவர் உண்டு. இது போக, கொடுத்த தலைப்பில் அந்த இடத்திலேயே 1, 2 நிமிடம் பேசும் பகுதி.

நான் நடத்திய குழுவில் ஒரு சிறுமி மூன்று வாரமாகப் பேச மறுத்தாள். "அக்கா, எண்ணுகிற வேலை மட்டும் கொடுங்கள்" என்றாள். கொடுத்தேன். நான்காம் வாரம் எழுந்து நின்று, குறிப்பேட்டைப் பார்த்து, "வந்து 12 முறை, அதாவது 8 முறை, அப்புறம் 5 முறை" என்று படித்தாள். பேசியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவளோ தாளைத் திருப்பி, "ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்றுகூட இல்லை" என்றாள். அவள் வாழ்க்கையின் முதல் மேடைப் பேச்சு அதுதான் என்று அவளுக்கே தெரியாது. மேடைக் கூச்சம் உள்ள பிள்ளைக்கு இந்த முறையைப் போல வேறெதுவும் உதவி நான் பார்த்ததில்லை. 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்ற எண்ணத்துக்குப் பதிலாக 'எத்தனை எண்ணினேன்' என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மன்றத்தில் எல்லாரும் எல்லாரையும் பாராட்டுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் சொன்னது சரிதானா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நேரமும் நடையும் அளக்கப்படுகின்றன. வாதத்தின் எலும்பு உறுதியானதா என்று தட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அந்த இடத்தில்தான் விவாதம் வந்து நிற்கிறது. உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதன் முறையைப் பல நாட்டுப் பள்ளிகள் பின்பற்றுகின்றன. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், பின் அணிக்கு ஒரு 4 நிமிட நிறைவுரை. சில தலைப்புகளை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். 100 மதிப்பெண்ணில் கருத்துக்கு 40, பேசும் பாங்குக்கு 40, உத்திக்கு 20. கூர்மையான பகுதி குறுக்குக் கேள்வி. 8 நிமிட உரையின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, இடைப்பட்ட நேரத்தில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்க அனுமதி கோரலாம். பேசுபவர் ஏற்கலாம், உட்காரச் சொல்லலாம். ஏற்றால் கேள்வி 15 நொடிக்குள் முடிய வேண்டும்.

மன்றத்தின் திடீர்ப் பேச்சையும் இந்த 15 நொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் பிள்ளைக்குத் தலைப்புதான் புதிது. சொல்ல வருவதை யாரும் தடுக்கப்போவதில்லை. இரண்டாவதில் தன் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, பகை உணர்வில்லாமல் கேட்டு, பதில் சொல்லி, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். தேனீப் பையனுக்கு இல்லாமல் போனது இந்தத் திறன்தான். கேட்பதில் மன்றத்தைவிட விவாதம் ஒரு படி மேலே. மன்றத்தில் கவனிக்காவிட்டால் எண்ணிக்கை தவறும், அவ்வளவுதான். விவாதத்தில் கவனிக்காதவர் மறுத்துப் பேசவே முடியாது.

ஆனாலும் 10 வயதுப் பிள்ளையை நேராக விவாதத்தில் தள்ளாதீர்கள். ஏற்கெனவே தயங்கும் பிள்ளை இரண்டு முறை எல்லார் முன்னும் தோற்றால் வாயை மூடிக்கொள்ளும். அணியில் மூன்று இடம்தான் என்பதால் வெல்ல நினைக்கும் பயிற்சியாளர் அதே மூன்று பேரைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புவார். மற்றவர்கள் பை தூக்குவார்கள். சேர்க்கும் முன் கேட்க வேண்டியது கோப்பைகள் எத்தனை என்பதை அல்ல, போன மாதம் எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்பதை.

மன்றத்துக்கும் விவாதத்துக்கும் நடுவே, ஆங்கிலம் பேசுவோர் சங்கம் 1960 முதல் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு நடத்திவரும் போட்டியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். மூவர் அணியில் ஒருவர் பேச்சாளர், ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் தலைவர். கேள்வி கேட்பவர் அடுத்த பள்ளிப் பேச்சாளரைத்தான் கேட்கிறார். நன்றாகக் கேள்வி கேட்டதற்கும் அங்கே தனியாக மதிப்பு உண்டு. இதை எந்த வகுப்பிலும் செலவில்லாமல் செய்யலாம்.

திரையோடு பேசும் முறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெச்சா குச்சா 2003-இல் டோக்கியோவில் பிறந்தது. 20 படங்கள், ஒவ்வொன்றும் 20 நொடி, படம் தானாக நகரும். மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. இதற்கு எதிர்க்கோடி 2008-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வுரை'. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, 3 நிமிடம். அது ஆய்வு மாணவர்களுக்கானது என்றாலும் அதன் விதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே கொண்டுவரலாம். இரண்டில் நான் ஒற்றை ஸ்லைடைத்தான் தேர்ந்தெடுப்பேன். படம் ஓடும்போது பிள்ளை அதைத் துரத்துகிறது. நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர்களைப் பார்க்கிறது. ஒரே கருத்தைச் சுருக்கமாக மேடையில் சொல்லும் டெட் (TED) பாணி உரை, சொல்வதற்கு ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கும் 15, 16 வயதினருக்கு நல்லது. மாதக்கணக்கில் ஒரே உரையைச் செதுக்குவதால், பயிற்சியின் தொடக்கமாக அதை வைக்க மாட்டேன்.

சிறு பிள்ளைகளுக்கு ஃபோர்-எச் (4-H) என்ற இளையோர் இயக்கத்தில் வழக்கமான செய்முறைப் பேச்சை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். ஒன்றைச் செய்துகொண்டே, எப்படிச் செய்வது என்று சொல்வது. சைக்கிள் டியூபில் ஒட்டுப் போடுவது, செடி ஒட்டுக் கட்டுவது, எதுவானாலும் சரி. கைக்கு வேலை இருப்பதால் நடுக்கம் தெரியாது. அடுத்து என்ன சொல்வது என்பதை மறக்கவும் முடியாது, அடுத்த படி கண்முன்னே இருக்கிறது. தேனீப் பையனை இங்கே தொடங்கவிட்டிருந்தால் அழுதுகொண்டு இறங்கியிருக்க மாட்டான்.

ஆகவே 8, 9 வயதில் செய்முறைப் பேச்சு, 11, 12-இல் மன்றம், குறைந்தது ஓராண்டாவது. 14-ஐ ஒட்டி விவாதம். பேச்சுப் போட்டி எப்போது வேண்டுமானாலும், உரையைப் பிள்ளையே எழுதினால் மட்டும். எதில் சேர்ப்பதானாலும் பணம் கட்டும் முன் ஒரு நாள் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். பேசும் பிள்ளையைப் பார்க்க வேண்டாம். பேசி முடித்துத் தன் இடத்துக்குத் திரும்பிய பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த 15 நிமிடம் அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.