மொரிஸ் மைனரில் யாயெசு எஃப்.டி. 891: முதலில் டைனமோவைப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து கொழும்பை வி.எச்.எஃப். (நேர்க்கோட்டில் போகும் அலை) ஹாம் ரேடியோ செட்டால் நேரே பிடிக்க முடியாது, நடுவே மலைநாடு. எச்.எஃப். எனும் சிற்றலையின் 40 மீற்றர் பாண்ட் பகலில் அந்தத் தூரத்தைத் தாண்டிவிடும். வெள்ளத்திலோ புயலிலோ ஃபோன் ரவர்கள் படுத்துவிட்டால் காரிலுள்ள எச்.எஃப். செட்தான் கைகொடுக்கும். அதற்கு எஃப்.டி. 891 அருமையான செட். 100 வாட், உயரம் 52 மில்லிமீற்றர்தான். முகப்பைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்து, செட்டைச் சீற்றுக்குக் கீழே தள்ளிவிடலாம். அதற்கான கிட் தனி விலை.

சிக்கல் காரில்தான். டைனமோ (பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பழைய ஜெனரேற்றர்) வைத்த மைனர்கள் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் காரின் தகரத்தோடு இணைந்திருக்கும். செட்டின் கூடோ நெகட்டிவ். பிராக்கெட்டுக்கு ரப்பர் வைத்தும் தப்ப முடியாது. அன்ரெனாக் கேபிளின் வெளிவலை காரின் தகரத்தைத் தொட்டதும் ஷோர்ட். செட்டின் கறுப்பு (நெகட்டிவ்) வயரில் பியூஸ் இருந்தால் அது போகும், இல்லாவிட்டால் வயரே எரியும்.

ஆகவே நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பற்றரியைத் திருப்பி வையுங்கள். பொசிட்டிவ் முனை தடிப்பானது, கிளாம்புகளையும் மாற்ற வேண்டும். இக்னிஷன் கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முன்னரே டைனமோவின் எஃப் (ஃபீல்ட்) முனை வயரைக் கழற்றி, பற்றரி பொசிட்டிவிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், டைனமோவின் காந்தம் திசை மாறும். இதை விட்டுவிட்டால் டைனமோ தலைகீழாக மின்சாரம் தந்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரைக் கருக்கிவிடும். பெற்றோல் பம்பில் டயோட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மைனரின் லூக்காஸ் சி40 டைனமோ தருவது கூடினால் 22 அம்பியர். செட் முழு வலுவில் 23 கேட்கும்; இரவில் ஹெட்லைற் வேறு. ஐட்லிங்கில் டைனமோவிலிருந்து ஒன்றும் வராது. 50 வாட்டுக்கு இறக்குங்கள். மறுமுனையில் எஸ் மீற்றர் (சிக்னலின் பலம் காட்டும் மீற்றர்) அரைப் புள்ளிதான் விழும். வயரைப் பற்றரியிலிருந்தே நேராக இழுங்கள், 6 சதுர மில்லிமீற்றர். 2 மீற்றர் தூரத்துக்கு முழு வலுவில் கால் வோல்ட்தான் இழப்பு. 2.5 வயரென்றால் 0.6 வோல்ட் போய்விடும். செட்டின் கீழெல்லை 11.7 வோல்ட், களைத்த பற்றரியோடு இதுவும் சேர்ந்தால் பேச்சு உடைந்து உடைந்து போகும்.

ஸ்பார்க் பிளக்கால் செட்டில் வரும் சத்தத்தை இதன் நொய்ஸ் பிளாங்கர் (இரைச்சல் தடுப்பி) நன்றாகவே அடக்குகிறது. டைனமோவின் சிணுங்கலுக்கு, மின்சாரம் வெளிவரும் டி முனையில் 1 மைக்ரோபரட் கப்பாசிற்றர் போடுங்கள். எஃப் முனையில் ஒருபோதும் போட வேண்டாம், ரெகுலேற்றர் கெடும்.

அன்ரெனாவைச் செட்டோடு பொருத்தும் டியூனர் உள்ளே இல்லை என்பது பெரிய குறை. அன்ரெனாவுக்குக் காந்தத் தட்டு சரிவராது. பின் பம்பரில் பூட்டி, பெயின்ற் சுரண்டிய தகரத்தோடு அகலமான செப்புப் பின்னலால் இணையுங்கள். கல்லடி, கல்முனை உப்புக் காற்றில் அந்த இடம் பச்சை பூத்து எஸ்.டபிள்யூ.ஆர். (அன்ரெனாவிலிருந்து வலு திரும்பி வருவதைக் காட்டும் அளவு) ஏறும், செட் தானாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும். கிறீஸ் பூசுங்கள், மாரிக்கு முன் கழற்றித் தேயுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் லைசென்சும் அனுமதியும் முதலில் கையில் இருக்க வேண்டும். வி.எச்.எஃப். 2 மீற்றர் பாண்டும் வேண்டுமென்பவர்கள் வேறு செட் பார்க்கலாம். அந்த பாண்ட் இதில் கிடையாது.