வரைபடத்தில் பெயர் வைப்பது: முந்துகிற முறையா, பொறுமையான முறையா?

புள்ளிக்கு வலப்பக்கம், சற்றே மேலே. ஓர் ஊரின் பெயரை எழுத அதுதான் நல்ல இடம் என்று சுவிஸ் வரைபட அறிஞர் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-லேயே எழுதிவைத்தார். ஒரே ஓர் ஊர் என்றால் விஷயம் அதோடு முடிந்தது. 50 ஊர்கள் நெருக்கியடித்தால், ஊருக்கு நான்கு இடம் என்று வைத்துக்கொண்டாலும், சேர்க்கைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 30 பூஜ்யங்களைத் தாண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. ஆகவே குறுக்குவழிதான்.

முதலாவது, முந்துகிற முறை. பெயர்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகும். இடம் பிடித்த பெயர் பிறகு அசையாது. மேப்பாக்ஸ், மேப்லிப்ரே போன்ற இணைய வரைபட மென்பொருள்கள் இந்த வழியில்தான் செல்கின்றன. வேகம் அபாரம். ஆனால் பெரிய ஊர் வலப்பக்கம் துண்டு போட்டுவிட்டால், அதையொட்டிய சிற்றூருக்கு நான்கு பக்கமும் அடைபட்டுப் பெயரே இல்லாமல் போகலாம். பெரிய ஊரின் பெயரை இடப்பக்கம் தள்ளியிருந்தால் இரண்டுக்கும் இடம் கிடைத்திருக்கும். இந்த முறைக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

இரண்டாவது, பொறுமையான முறை. சிமுலேட்டட் அனீலிங் என்று பெயர். இது திரும்பிப் பார்க்கும். எல்லாப் பெயர்களையும் முதலில் ஏதோ ஓரிடத்தில் போட்டுவிட்டு, ஒன்றை எடுத்து இடம் மாற்றும். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதுவது குறைந்தால் ஏற்கும். கூடினாலும் தொடக்கத்தில் சில சமயம் ஏற்கும், போகப்போகக் கறாராகிவிடும். மேலே சொன்ன பெரிய ஊர் இடப்பக்கம் நகர வாய்ப்புக் கிடைப்பது இப்படித்தான். கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1995-ல் பல முறைகளை மோதவிட்டுப் பார்த்தபோது இதுவே முன்னணியில் நின்றது.

அப்படியானால் இதையே எங்கும் பயன்படுத்தலாமே? அச்சு வரைபடத்துக்குத் தாராளமாக. கைபேசித் திரையில் எனக்கு இது வேண்டாம். விரலால் சற்றுப் பெரிதாக்கியதும் கணக்கு புதிதாகத் தொடங்கும். வேறொரு விடை வரும். வலப்பக்கம் இருந்த பெயர் காரணமே இல்லாமல் இடப்பக்கம் தாவும். பெரிதாக்கும்போது பெயர் மறையக் கூடாது, நகர்த்தும்போது குதிக்கக் கூடாது என்று பீன், டெய்ச்சஸ், யாப் ஆகிய ஆய்வாளர்கள் 2006-ல் வகுத்த நெறிகள் இந்த எரிச்சலைத்தான் குறிவைத்தன. முந்துகிற முறையும் இதில் முழுப் புனிதம் அல்ல: பெரிய ஊர் திரையை விட்டு நகர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த சிற்றூர்ப் பெயர்கள் திடீரென முளைக்கும். இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது.

திரைக்கு முந்துகிற முறைதான் என்று முடிவானால், உழைப்பைப் பெயர்களை வரிசைப்படுத்துவதில் போடுங்கள். பலர் மக்கள்தொகையை மட்டும் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். பெருநகரத்தின் புறநகர்கள் எல்லாம் பெயரோடு நெரியும்; பாலைவனத்தில் சுற்றுவட்டாரத்துக்கே ஒன்றாக இருக்கும் சிற்றூர் தெரியாமல், அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். தன்னைவிடப் பெரிய ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்தால் இந்தக் கோணல் பெருமளவு நிமிர்ந்துவிடும்.