ருகர் 10/22-ஐ மெருகேற்றுவதா, சி.இசட். 457 வாங்குவதா?

அமெரிக்காவில் சிறு தோட்டா சுடும் .22 ரைபிள் வைத்திருப்பவரிடம் என்ன மாடல் என்று கேட்டால், ருகர் 10/22 என்ற பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம். 1964-இல் சந்தைக்கு வந்த செமி ஆட்டோமேட்டிக், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அடிப்படை மாடல் இன்றும் 300 டாலர் சொச்சம்தான். தகர டப்பாவைச் சுட, முயல் வேட்டைக்கு, பிள்ளைகளுக்குப் பழக்கித் தர இதுவே தாராளம். 50 கஜத்தில் காகித இலக்கை மாட்டி, ஐந்து தோட்டாவும் ஒரே துளையில் விழ வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் வம்பு. அப்போது இரண்டு வழி: கையில் இருப்பதையே பார்ட் பார்ட்டாக மாற்றுவது, இல்லையென்றால் செக் நாட்டு சி.இசட். 457 வார்மின்ட் எம்.டி.ஆர். மாதிரி, தொழிற்சாலையிலேயே டார்கெட் ரைபிளாகச் செய்து வருவதை 800 டாலர் பக்கம் கொடுத்து வாங்குவது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரிகரோடு நிறுத்திக்கொள்ள முடியும் என்றால் 10/22. பேரல், அதாவது தோட்டா பாய்ந்து வரும் குழல் வரை கை நீளும் என்றால் சி.இசட்.

10/22-இன் சாதாரண மாடலான கார்பைனின் எடை சுமார் 5 பவுண்டு. அதன் டிரிகரை இழுக்கவோ 6 பவுண்டு விசை வேண்டும். துப்பாக்கியை விட டிரிகர் கனம்! விரல் அழுத்த அழுத்த அது நறநறவென்று நகர்ந்து, எப்போது விடுபடும் என்றே தெரியாமல் வெடிக்கும். அதற்குள் குறி இலக்கிலிருந்து விலகியிருக்கும். ருகரே விற்கும் பி.எக்ஸ். டிரிகர் இதைச் சுமார் 2.75 பவுண்டுக்கு இறக்கிவிடுகிறது. விலை நூறு டாலருக்குள். ஸ்டாக்கை (தோளில் அணைக்கும் கட்டை) கழற்றி இரண்டு பின்களைத் தள்ளினால் பழையது மொத்தமாக வெளியே வந்துவிடும், புதியது அதே இடத்தில் உட்காரும். இந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

அடுத்து பேரல். கிட், வால்குவார்ட்சன், கிரீன் மவுண்டன் என்று பல பேர் 10/22-க்குப் பேரல் செய்கிறார்கள். 10/22-இல் பேரலை மரையிட்டு முறுக்குவதில்லை. வி-பிளாக் என்ற சிறு உலோகக் கட்டையும் இரண்டு திருகும்தான் பிடித்திருக்கின்றன. அதனால் வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம். ஆனால் 0.920 அங்குலக் கனத்த பேரல் பழைய ஸ்டாக்கின் பள்ளத்தில் உட்காராது. ஆக, ஸ்டாக்கும் வாங்க வேண்டும். முந்நூறு டாலர் துப்பாக்கி, டிரிகர், இருநூறு முந்நூறுக்கு ஒரு பேரல், நூற்றைம்பதுக்கு ஒரு ஸ்டாக் என்று கூட்டிப் பாருங்கள், சி.இசட். விலையைத் தொட்டுவிட்டோம். விற்கப் போனால், சேர்த்த பார்ட்டுகளுக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள்.

இவ்வளவு செலவழித்தும் தீராத குறைகள் சில உண்டு. 10/22-இன் ரிசீவரை (தோட்டா ஏற்றும் பாகங்கள் இருக்கும் உலோகக் கூடு) ஸ்டாக்கோடு பிணைப்பது முன்பக்கம் இருக்கும் ஒரே திருகு. பின்பக்கம் பிடிமானமே இல்லை. வழக்கமான மாடல்களில் அந்த ரிசீவரின் பின்சுவரும் அடைப்பு. பேரலைப் பின்னாலிருந்து சுத்தம் செய்ய வழியில்லை, முனை வழியாகத்தான் கம்பியை விட வேண்டும். பேரலில் சேதமாகக் கூடாத இடமே அந்த முனைதான். சி.இசட். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் போல்ட் என்ற கைப்பிடி வைத்த தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை) என்பதால், போல்ட்டை உருவி எடுத்துவிட்டுப் பின்னாலிருந்தே கம்பியை விடலாம்.

சி.இசட். எம்.டி.ஆரில் மேட்ச் சேம்பர், அதாவது போட்டித் துல்லியத்துக்காக இறுக்கமாகக் கடைந்த தோட்டா அறை இருக்கிறது. ஒரு தோட்டாவை ஏற்றி, சுடாமலேயே வெளியே எடுத்துப் பாருங்கள். தோட்டாவின் ஈய முனையில் பேரலின் உள்வரிகள் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கும். தோட்டா கோணலாக நிற்க இடமே கொடுக்காத அளவுக்கு இறுக்கம். டிரிகரின் கனத்தையும் நாமே கூட்டிக் குறைக்கலாம். இறுக்கத்தின் மறுபக்கமும் உண்டு: சில மலிவுத் தோட்டாக்கள் உள்ளே போகவே அடம்பிடிக்கும்.

சரி, 10/22 எங்கே ஜெயிக்கிறது? வேகமாகச் சுட வேண்டிய இடத்தில். அமெரிக்காவில் நடக்கும் ஆப்பிள்சீட் என்ற ரைபிள் பயிற்சிகளில் நேரம் குறித்துப் பத்துத் தோட்டா சுடும் சுற்றுகள் வரும். அங்கே ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுப்பவருக்கு மூச்சு முட்டும். கழற்றி மாட்டுவதிலேயே சுகம் காண்பவர்களும் உண்டு. அவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது, எடுபடவும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் தோட்டாவுக்குப் பணம் ஒதுக்குங்கள். .22 தோட்டா ரிம்ஃபயர் வகை. அதில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை கேஸ் என்ற உலோகக் கூட்டின் விளிம்புக்குள் இருப்பதால், வீட்டில் மறுபடி நிரப்பி நம் பேரலுக்கு ஏற்றபடி செய்துகொள்ள முடியாது. கடையில் கிடைப்பதில்தான் தேட வேண்டும். வினாடிக்கு 1,200 அடிக்கு மேல் சீறும் ஹை வெலாசிட்டி தோட்டா, வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். ஒலியின் வேகத்துக்குக் கீழேயே, 1,070 அடியில் கிளம்பும் சி.சி.ஐ. ஸ்டாண்டர்டு தோட்டாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் ஒரு பெட்டி, எஸ்.கே. பிராண்டில் ஒரு பெட்டி, ஈலி பிராண்டில் ஒரு பெட்டி என்று வாங்கி, இப்போது கையில் இருக்கும் 10/22-இலேயே சுட்டுப் பாருங்கள். 50 கஜத்தில் ஐந்து துளைகளும் ஓர் அங்குலத்துக்குள் சுருங்கினால் டிரிகரை மட்டும் மாற்றுங்கள். மூன்றிலும் சிதறினால், பேரலுக்கு ஆர்டர் போடாமல் நேராக சி.இசட். பக்கம் போய்விடலாம்.