உபுண்டுவில் எந்த மென்பொருள் எவ்வளவு இடம் பிடிக்கிறது: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2020ஆம் ஆண்டின் நடுவில் என் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பை நிறுவியபோது, 240 ஜிபி எஸ்எஸ்டியில் 40 ஜிபியை இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வுக்கும் மீதியை என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகிர்வுக்கும் ஒதுக்கினேன். இயங்குதளமும் நான் பயன்படுத்தும் மென்பொருள்களும் அதற்குள் தாராளமாக அடங்கிவிடும் என்பது அன்றைய கணக்கு. இடையில் 22.04க்கு மேம்படுத்தினேன். 2023இல் ஓர் இரவு, கடவுச்சொல்லைத் தந்ததும் திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் அதே நுழைவுத் திரைக்கே திரும்பியது. மூன்று முறை முயன்றும் அதுவே நடந்தது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி எழுத்து முனையத்துக்குச் சென்று, வட்டின் காலியிடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையைத் தந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ரூட் பகிர்வின் அளவு 40 ஜிபி, பயன்பாட்டில் இருப்பது 38 ஜிபி, எஞ்சியிருப்பது சுழியம் என்று அது காட்டியது. நாற்பதில் முப்பத்தெட்டு போனால் இரண்டு மிஞ்ச வேண்டுமே என்று குழம்ப வேண்டியதில்லை. பகிர்வில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, தான் உருவாக்கப்படும்போதே மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென, அதாவது கணினியின் நிர்வாகிக்கென, ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. சாதாரணப் பயனருக்கு வட்டு நிரம்பிய பிறகும், நிர்வாகி உரிமையுடன் கட்டளைகளை இயக்கும் 'சூடோ' வழியாக வேலை செய்ய எனக்கு வழி இருந்தது அந்த 2 ஜிபியால்தான்.

எந்த மென்பொருள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு நான் முதலில் நாடியது, நிறுவப்பட்ட பொதிகளின் (மென்பொருள் வந்து சேரும் கட்டுகளின்) விவரத்தைத் தரும் 'டிபிகேஜி-குவெரி' கட்டளை. அதனிடம் 'இன்ஸ்டால்டு-சைஸ்', 'பேக்கேஜ்' ஆகிய இரண்டு புலங்களை மட்டும் கேட்டு, கிடைக்கும் பட்டியலைக் குழாய்க்குறி வழியே 'சார்ட்' கட்டளைக்கு அனுப்பி எண் வரிசையில் அடுக்கச் செய்தால், நிறுவப்பட்ட பொதிகள் அனைத்தும் சிறியதிலிருந்து பெரியது வரை ஓடி, மிகப் பெரியது கடைசி வரியில் வந்து நிற்கும். எண்கள் கேபியில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அன்றிரவு என் திரையின் அடியில் அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுப்பான டெக்ஸ்லைவின் எழுத்துருப் பொதி ஒன்று 10 லட்சத்தைத் தாண்டிய எண்ணுடன், அதாவது 1 ஜிபிக்கு மேல், நின்றிருந்தது. அதற்கு மேலே டெக்ஸ்லைவின் ஆவணப் பொதிகளும், இயங்குதளத்தின் கருவான கெர்னலின் கூடுதல் மாட்யூல் (தேவைக்கேற்ப ஏற்றப்படும் துணைப் பகுதி) பொதிகள் மூன்றும், வன்பொருளுக்கான ஃபர்ம்வேர் பொதியும் இருந்தன.

பிறகு அந்த எண்கள் அனைத்தையும் 'ஆக்' கட்டளை கொண்டு கூட்டினேன். மொத்தம் ஏறத்தாழ 14 ஜிபி வந்தது. பகிர்விலோ 38 ஜிபி நிரம்பியிருந்தது. நடுவில் இருந்த அந்த 24 ஜிபி எங்கே போயிற்று என்று தேடித்தான் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியைக் கற்றேன். ஒரு பொதியின் அளவும், அந்த மென்பொருள் நம் வட்டில் உண்மையில் பிடித்திருக்கும் இடமும் ஒன்றல்ல.

'இன்ஸ்டால்டு-சைஸ்' என்பது பொதியைக் கட்டும்போதே கணக்கிட்டு அதன் விவரக் குறிப்பில் எழுதப்படும் மதிப்பீடு. நம் கணினியில் யாரும் அளந்து சொல்லும் எண் அன்று. நிறுவிய பிறகு அந்த மென்பொருள் உருவாக்கும் கோப்புகள், தற்காலிகச் சேமிப்பு, தரவுத்தளம் எதுவும் அதில் சேராது. கெர்னலை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். கெர்னல் இமேஜ் பொதியின் அளவு பட்டியலில் மிகச் சிறியதாகவே தெரியும். ஆனால் அதன் மாட்யூல்கள் ஒரு பொதி, கூடுதல் மாட்யூல்கள் வேறொரு பொதி, ஹெடர்கள் இன்னொரு பொதி. இவை போக, நிறுவும் நேரத்தில் பூட் கோப்புறையில் உருவாகி, கணினி தொடங்கும் கட்டத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு எந்தப் பொதியின் கணக்கிலும் வராது. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கெர்னல் பதிப்பு அரை ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. என்னிடம் மூன்று பதிப்புகள் இருந்தன.

இன்னொரு குறை, பொதியின் அளவு அது சார்ந்திருக்கும் பொதிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது. தமிழ் ஆவணங்களை ஸீடெக் கொண்டு அச்சுக்கோக்கும் வேலை எனக்கு அடிக்கடி உண்டு. அதற்காக 'டெக்ஸ்லைவ்-ஃபுல்' பொதியை ஒரே கட்டளையில் நிறுவியிருந்தேன். பட்டியலில் தேடினால் அது மேல் வரிகளில், ஒதுக்கிவிடத் தக்க ஒரு சிற்றெண்ணுடன் கிடக்கும். ஏனெனில் அது வெறும் பெயர்ப்பொதி. அதன் வேலை பிற பொதிகளை இழுத்து வருவது மட்டுமே. இத்தகைய இடங்களில் எனக்கு மிகவும் பயன்பட்ட வழி, பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் 'ஏப்ட்' கட்டளையிடமே கேட்டுவிடுவதுதான். 'ஏப்ட் ஆட்டோரிமூவ்' என்று தந்து பொதியின் பெயரையும் சேர்த்தால், அதனுடன் சேர்ந்து வெளியேறக்கூடிய பொதிகளின் முழுப் பட்டியலையும், அந்தச் செயலால் எவ்வளவு இடம் விடுபடும் என்பதையும் காட்டிவிட்டு, தொடரலாமா என்று கேட்டு நிற்கும். அங்கே 'இல்லை' என்பதற்கான 'n' எழுத்தைத் தட்டிவிட்டால் எதுவும் நீக்கப்படாது. நமக்கு வேண்டிய எண் மட்டும் கிடைத்துவிடும். முழு டெக்ஸ்லைவை நீக்கி, ஸீடெக் பொதியையும் உண்மையில் தேவைப்படும் சிலவற்றையும் மட்டும் மீண்டும் நிறுவியபோது 5 ஜிபி அளவுக்கு இடம் திரும்பியது. என் ஆவணங்களில் ஒன்றுகூட அதனால் நின்றுபோகவில்லை.

இதே பட்டியலை இன்னும் எளிதாகத் தருவது 'டிபிக்ஸ்'. டெபியன்-குடீஸ் என்ற பொதியை நிறுவினால் அதனுடன் வரும். மிகப் பெரிய பத்துப் பொதிகளை மட்டும் காட்டும். முனையத்தை விரும்பாதவர்கள் சினாப்டிக் என்ற வரைகலைப் பொதி மேலாளரில் அளவு நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் போதும். ஆனால் மூன்றும் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றன, எனவே குறையும் ஒன்றே.

பொதிக் கணக்குக்கு வெளியே இருப்பதைக் காண வட்டையே அளக்க வேண்டும். 1971இல் வெளியான முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே, கோப்புறைகளின் அளவைக் காட்டும் 'டியூ', முன்னர் சொன்ன 'டிஎஃப்' இரண்டும் இருந்தன. இன்றும் எதுவும் புதிதாக நிறுவ முடியாத நெருக்கடியில் கை கொடுப்பவை அவைதான். நாள்தோறும் நான் பயன்படுத்துவது, டியூவைப் போலவே அளந்து திரையில் பட்டியலாகக் காட்டும் 'என்சிடியூ'. ரூட் கோப்புறையைக் காட்டி, பிற பகிர்வுகளுக்குள் செல்லாமல் தடுக்கும் 'எக்ஸ்' விருப்பத்துடன் இயக்கினால், ஒவ்வொரு கோப்புறையும் அளவு வரிசையில், பக்கத்தில் ஹேஷ் குறிகளால் ஆன சிறு பட்டையுடன் தோன்றும். வலது அம்பு விசையை அழுத்தி உள்ளே இறங்கிக்கொண்டே போகலாம். அன்று அப்படி இறங்கியபோது நீண்ட பட்டை நின்றது 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்கு அருகில் அன்று, 'வார்' கோப்புறைக்கு அருகில்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். என்சிடியூவில் 'டி' விசையை அழுத்தினால் கோப்புறையை அங்கேயே அழித்துவிடலாம். 20.04 காலத்தில், பழைய கெர்னல் ஒன்றின் மாட்யூல் கோப்புறையை நான் அவ்வாறு அழித்தேன். அடுத்த புதுப்பிப்பில் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும் கட்டத்தில் மாட்யூல் கோப்புறையைக் காணவில்லை என்ற எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. பொதிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் டிபிகேஜியைப் பொறுத்தவரை அந்தப் பொதி அப்போதும் நிறுவப்பட்டே இருந்தது. பட்டியலில் அதன் அளவும் மாறவில்லை. 'டிபிகேஜி'யின் சரிபார்ப்பு விருப்பத்தை இயக்கியபோது காணாமற்போன கோப்புகளைப் பக்கம் பக்கமாகக் காட்டியது. அந்தக் கெர்னல் பொதிகளை ஏப்ட் வழியாக முறையாக நீக்கிய பிறகே ஒழுங்கு திரும்பியது. பொதியாக வந்ததைப் பொதி மேலாளர் வழியாகவே வெளியேற்ற வேண்டும். என்சிடியூவை நான் இப்போது பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

'வார்' கோப்புறைக்குள் ஸ்நாப் என்ற தனிப் பொதி முறை 4.5 ஜிபி பிடித்திருந்தது. ஸ்நாப் பொதிகள் சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமே கூடிய கோப்புகள். அவற்றைத் தனி வட்டுகள் போல, லூப் சாதனங்களாக ஏற்றுவதால், டிஎஃப் வெளியீட்டில் 100 விழுக்காடு நிரம்பியதாகப் பல வரிகள் தெரியும். புதிதாக வருபவர்கள் அதைக் கண்டு அஞ்சுவதுண்டு. அது இயல்பே, கவலைப்பட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. மேசைக் கணினி உபுண்டுவில் ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் இரண்டு பதிப்புகள் வைத்துக்கொள்ளப்படுகின்றன. 'ஸ்நாப் லிஸ்ட்' கட்டளையை 'ஆல்' விருப்பத்துடன் தந்தால், பழைய பதிப்பின் எதிரே 'டிசேபிள்டு' என்ற குறிப்பு இருக்கும். என் ஃபயர்ஃபாக்ஸ் அவ்வாறு இருமுறை, ஒவ்வொன்றும் கால் ஜிபி அளவில் இருந்தது. புதுப்பிப்பு பழுதானால் பின்வாங்க உதவும் ஏற்பாடு என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது ஜிபி பகிர்வில் இருப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு ஸ்நாப்பை நீக்கும்போது அதன் தரவின் நகல் 31 நாள்கள் வைத்திருக்கப்படுகிறது என்பதையும், அது வேண்டாமென்றால் 'பர்ஜ்' விருப்பம் இருக்கிறது என்பதையும் தாமதமாகவே அறிந்தேன்.

ஃபிளாட்பேக் என்ற மற்றொரு பொதி முறையில் 6 ஜிபி இருந்தது. அங்கே செயலிகளைவிட அவை இயங்குவதற்கான ரன்டைம்களே (அடிப்படை நூலகத் தொகுப்புகளே) பெரியவை. நான் நிறுவியிருந்த நான்கு செயலிகள் ஜினோம் ரன்டைமின் மூன்று வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டிருந்தன. செயலியை நீக்கிய பிறகும் அதன் ரன்டைம் தங்கிவிடுகிறது. 'ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால்' கட்டளையை 'அன்யூஸ்டு' விருப்பத்துடன் தந்தால் அவை வெளியேறும். ரன்டைம்கள் தமக்குள் பொதுவான கோப்புகளை ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்) மூலம் பகிர்ந்துகொள்வதால், தனித்தனி அளவுகளைக் கூட்டி வரும் தொகை உண்மையைவிட மிகுதியாகவே இருக்கும்.

மிகப் பெரிய பங்கு, மென்பொருளைத் தனித்த கண்டெய்னர்களில் இயக்கும் டாக்கருடையது, 7 ஜிபி. இதை என்சிடியூவில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. அடுக்குகளின் பெயர்கள் பொருள் விளங்காத நீண்ட எழுத்துச் சரங்களாக இருக்கும், எது யாருடையது என்று தெரியாது. 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' இமேஜ், கண்டெய்னர், வால்யூம், பில்ட் கேஷ் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மீட்கலாம் என்பதையும் காட்டுகிறது. பயன்படாதவற்றை நீக்கும் 'ப்ரூன்' கட்டளைக்கு 'வால்யூம்ஸ்' விருப்பத்தைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு வால்யூமிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தரவுத்தளங்கள் பெரும்பாலும் அங்கேதான் வாழ்கின்றன.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினியின் நிகழ்வுப் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னல் 2.5 ஜிபி எடுத்திருந்தது. கோப்பு முறைமையின் 10 விழுக்காடு வரை, 4 ஜிபிக்கு மிகாமல் வளர்வது அதன் இயல்பான வரம்பு, எனவே 200 எம்பியாகக் குறைத்தேன். நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் கோப்பு 2 ஜிபி. பதிவிறக்கிய டெப் பொதிக் கோப்புகள் 1.5 ஜிபி. 'ஏப்ட்' கட்டளை நிறுவி முடித்ததும் அவற்றை அழித்துவிடும், நான் பழக்கத்தால் தட்டும் 'ஏப்ட்-கெட்' வைத்துக்கொள்ளும் என்ற வேறுபாடு அதற்குக் காரணம். 'ஏப்ட் கிளீன்' ஒரு நொடியில் அவற்றை நீக்கியது.

ஹோம் பகிர்வு தனிக்கதை. ஒவ்வொரு திட்டத்துக்கும் நூலகங்களைத் தனியே வைக்கும் பைத்தான் மெய்நிகர் சூழல்களை எந்தப் பொதி மேலாளரும் அறிவதில்லை. இயந்திரக் கற்றல் நூலகமான பைடார்ச்சை மூன்று திட்டங்களில் தனித்தனியாக நிறுவியிருந்தேன். என்விடியா நூலகங்களுடன் சேர்ந்து ஒவ்வொன்றும் பல ஜிபி. என்சிடியூ இல்லாவிட்டால் அது என் கண்ணில் பட்டே இருக்காது. ஜினோமின் வட்டுப் பயன்பாட்டு ஆய்வி வளைய வரைபடத்தில் இதை அழகாகக் காட்டுகிறது, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் வரைகலைத் திரைக்குள்ளேயே நுழைய முடியாத இரவில் அதனால் பயனில்லை.

24.04க்கு மாறிய பிறகும் பகிர்வின் அளவை நான் கூட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை டிபிகேஜி-குவெரியின் பட்டியலைப் பொதிப் பெயர் வரிசையில் ஒரு கோப்பில் சேமித்து, சென்ற மாதக் கோப்புடன் 'டிஃப்' கொண்டு ஒப்பிடுகிறேன். என்சிடியூவின் அளவீட்டையும் ஏற்றுமதி செய்து தேதியிட்டு வைக்கிறேன், பிறகு எப்போது வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். பத்து நிமிட வேலை. சென்ற மாத ஒப்பீட்டில் இரண்டே மாற்றங்கள் இருந்தன. ஒன்று புதிய கெர்னல். மற்றொன்று ஒரு சோதனைக்காக நிறுவி மறந்துபோன ஜாவா மேம்பாட்டுக் கருவிப் பொதி. அதை நீக்கிய பின் ரூட் பகிர்வில் 19 ஜிபி காலியாக இருக்கிறது.