முதுகலையில் ஆங்கில இலக்கியமா, மொழியியலா?

படிப்புச் சுமை: இலக்கியத்தில் பெரும்பாலும் வாரத்துக்கொரு நாவலையோ நாடகத்தையோ முழுமையாக வாசித்து, அதன் மீதான திறனாய்வுகளோடு மோதி, சொந்த வாதமொன்றைக் கட்டுரையாக நிறுவ வேண்டும், கதைச்சுருக்கத்தை ஒப்பித்துத் தப்பிக்க இயலாது. மொழியியலில் பக்கங்கள் குறைவு. ஆனால் ஒலியனியலிலும் (மொழியின் ஒலியமைப்பு) தொடரியலிலும் (வாக்கிய அமைப்பு) தரவுகளைப் பகுத்து விதிகளைக் கண்டறிய வேண்டும்.

கோட்பாடு: 1916இல் நூலாக வெளிவந்த சுவிஸ் மொழியியலறிஞர் சசூரின் விரிவுரைகள் இரு துறைகளுக்கும் பொதுவானவை.

வேலை: கற்பித்தல் இரண்டிலும் உண்டு. பதிப்புப் பணிக்கு இலக்கியமும், அகராதியாக்கத்துக்கும் பேச்சுத் தொழில்நுட்பத்துக்கும் மொழியியலும் நெருக்கமானவை.

ஒரே பிரதியை மூன்றாம் முறை வாசிக்கும்போதும் சலிக்காதவர் இலக்கியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வாக்கியத்தின் பொருளைவிட அதன் அமைப்பே ஈர்க்கிறதென்றால், தயங்காமல் மொழியியலுக்குச் செல்லலாம். மதிப்பெண் எளிதாகக் கிடைக்குமென்று எதையும் தேர்ந்தெடுப்பது, என் பார்வையில், வீண்.